'டிக்' என்று மட்டும் கேட்கும் வண்டி: செல்ஃப், இக்னிஷன் கோளாறை எங்கிருந்து தேடுவது?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் காலையில் தூத்துக்குடியிலிருந்து என் மைத்துனன் போன் செய்தான். "அத்தான், புது பேட்டரி போட்டு பத்து நாள்கூட ஆகல. செல்ஃப அமுக்குனா 'டிக்'குன்னு மட்டும் கேக்குது. இப்ப செல்ஃப் மோட்டாரை மாத்தணும்ங்கிறாங்க." எதையும் மாற்றாதே, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

போய்ப் பார்த்தேன். பேட்டரியில் 12.7 வோல்ட். பட்டனை அமுக்கினால் 12.4. பேட்டரி திடமாகத்தான் இருந்தது. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு வரும் தடித்த எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினேன். செம்பு வளையத்தில் பச்சைக் களிம்பு. அது உட்கார்ந்திருந்த அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. உப்பளக் காற்று அடிக்கிற ஊர், வேறென்ன இருக்கும்? உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்து, போல்ட்டை இறுக்கி, பட்டனைத் தொட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. உப்புத்தாளுக்கு ஆன செலவு ஒரு டீக் காசு. பேட்டரிக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதான்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மடையிலிருந்து வாய்க்கால் ஓரமாக நடந்து வந்து எங்கே உடைப்பு என்று பார்ப்பார்கள். வண்டியிலும் அப்படித்தான் நடக்க வேண்டும். கரண்ட் எதுவரை வந்திருக்கிறது, எந்த இடத்தில் நின்றுவிட்டது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால், மெக்கானிக் வேலை தெரியாதவர்கூடப் பாதிக் கோளாறுகளைத் தானே கண்டுபிடித்துவிடலாம். இங்கே சொல்லப்போவது நம் தெருக்களில் ஓடும் 100 முதல் 200 சிசி வண்டிகளை மனத்தில் வைத்து. பெரிய வண்டிக்கும் வழி இதேதான், வயர் மட்டும் கூடுதல்.

கையில் இருக்க வேண்டியவை

சில நூறு ரூபாய் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். அதில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் மூன்றே இடங்கள்: டிசி 20 வோல்ட், ஓம், 'பீப்' அடிக்கும் கன்டின்யூட்டி. கூடவே 8, 10 ஸ்பானர்கள், ப்ளக் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், டார்ச்.

இன்னொன்றை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள். பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்தால் அதுதான் டெஸ்ட் லாம்ப். துருப்பிடித்துப் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் கனெக்டரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். அதே இடத்தில் பல்பு மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எஃப்ஐ வண்டியில் (கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வண்டி) ஈசியு என்கிற கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்கோ சென்சாருக்கோ போகும் வயர்களில் இந்தப் பல்பை வைக்காதீர்கள். அது இழுக்கிற கரண்டை உள்ளே இருக்கும் சிப் தாங்காது. அங்கே மீட்டர் மட்டும்தான்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வரிசை மாறினால் பாசிட்டிவ் போல்ட்டில் இருக்கும் ஸ்பானர் ஃபிரேமில் பட்டு வெல்டிங் போல் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது.

பட்டறை வைத்திருந்த காலத்தில் தினம் பார்த்தது

எத்தனையோ பேர் வியர்வை வடியத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நான் ஹேண்டில்பாரில் இருக்கும், இன்ஜினை நிறுத்தும் சிவப்பு கில் ஸ்விட்சை மேலே தட்டிவிட்டுப் பட்டனை அமுக்குவேன். வண்டி பிடித்துவிடும். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். பார்க்கிங்கில் யாரோ குழந்தை தட்டிவிட்டுப் போயிருக்கும்.

ஆகவே ஸ்பானரைத் தொடும் முன் கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு, நியூட்ரல், கிளட்ச் நான்கையும் பாருங்கள். சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் இப்போதைய வண்டிகளில் பல ஸ்டார்ட் ஆகாது. ஸ்டாண்டை எடுத்தும் டேஷ்போர்டில் அந்த விளக்கு அணையவில்லையா? ஸ்டாண்டின் அடியில் இருக்கும் ஸ்விட்சில் சேறு அடைத்திருக்கிறது. கிளட்ச் லீவரின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. லீவரைப் பிடித்தால் மெல்லிய 'க்ளிக்' கேட்க வேண்டும். கியரில் நிற்கும் வண்டி கிளட்ச் பிடித்தும் ஸ்டார்ட் ஆகாமல், நியூட்ரலில் மட்டும் ஆகிறது என்றால் குற்றவாளி அந்த ஸ்விட்ச்தான். பெட்ரோல் இருக்கிறதா என்பதையும் டேங்கைத் திறந்தே பாருங்கள், முள்ளை நம்பாதீர்கள்.

அடுத்து ஃப்யூஸ். சாவி போட்டும் விளக்கு, ஹாரன், டேஷ்போர்டு எதுவும் உயிர் பெறவில்லை என்றால் முதல் சந்தேகம் மெயின் ஃப்யூஸ் மேல். பேட்டரிக்குப் பக்கத்திலோ, பட்டனை அமுக்கினால் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் செல்ஃப் ரிலேயின் தலையிலோ இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கம்பி அறுந்திருப்பது தெரியும். சந்தேகமாக இருந்தால் மீட்டரில் 'பீப்' பாருங்கள். அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் திரும்பப் போட வேண்டும். சிகரெட் பாக்கெட் சில்வர் பேப்பரைச் சுற்றிப் போடுகிற வித்தையை மறந்துவிடுங்கள். ஃப்யூஸ் எரியாவிட்டால் வயரிங் எரியும்.

புது ஃப்யூஸும் போட்ட உடனே போகிறது என்றால் எங்கோ பாசிட்டிவ் வயர் தோல் உரிந்து பாடியில் படுகிறது. பெட்டி பெட்டியாக ஃப்யூஸ் வாங்கி எரிக்க வேண்டியதில்லை. ஃப்யூஸ் இருந்த இடத்தில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை வயர் வைத்துத் தொடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒவ்வொரு கனெக்டராகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள். எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ, அல்லது சட்டென்று மங்குகிறதோ, அந்தக் கிளையில்தான் கோளாறு.

இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா?

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. பட்டனை அமுக்கினால் இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் அது செல்ஃப் பக்கத்துக் கோளாறு. நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க், இல்லாவிட்டால் பெட்ரோல். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, சுற்றாத வண்டிக்கு ப்ளக் மாற்றியவர்கள் உண்டு. பாவம், ப்ளக் என்ன செய்யும்?

சுற்றாத வண்டியைக் காதால் கேளுங்கள். 'டிக்டிக்டிக்டிக்' என்று பல்லி கத்துவதுபோல் அடுக்கடுக்காகக் கேட்டால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ரிலே பிடிக்கிறது, மோட்டார் கரண்டை இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, ரிலே விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. அந்தச் சத்தம் அதுதான். ஒரே ஒரு 'டிக்', அதோடு அமைதி என்றால் ரிலேவரை எல்லாம் சரி. தடித்த வயரிலோ ரிலேயின் உள் தொடுப்பிலோ எர்த்திலோ மோட்டாரிலோ அடைப்பு. சத்தமே இல்லை என்றால் பட்டனிலிருந்து ரிலேவரைக்கும் கரண்ட் வரவில்லை. 'விர்ர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாமல் நின்றால் மின்சாரத்தில் குற்றமில்லை. மோட்டாரையும் இன்ஜினையும் பிணைக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. அது மெக்கானிக்கின் வேலை, விட்டுவிடுங்கள்.

பேட்டரியை எப்படி அளப்பது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். விளக்குக்கு வேண்டியது சில ஆம்பியர். செல்ஃப் மோட்டார் இன்ஜினை அசைக்கும் அந்த நொடியில் பல பத்து ஆம்பியர் இழுக்கும். குடத்துத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, இதே குடம் தோட்டத்துக்கும் போதும் என்று சொல்வதுபோல் இருக்கிறது.

மீட்டரை டிசி 20-ல் வைத்து, சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் தொடுங்கள். வண்டி ஓடி நின்ற உடனே அளக்காதீர்கள், அப்போது காட்டுவது கூடுதல் கணக்கு. ஓரிரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.6 முதல் 12.8 என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.0 என்றால் ஏறக்குறையக் காலி. 10.5 பக்கம் நிற்கிறது, சார்ஜ் போட்டாலும் ஏறவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், கணக்கு சரியாக வரும்.

இது பாதிப் பரீட்சைதான். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். 9.6 அல்லது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். முதலில் முழுக்கச் சார்ஜ் போட்டுப் பார்த்து, அப்போதும் விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். 12.7 நின்ற இடத்திலேயே ஏறக்குறைய நின்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை என்று பொருள். மைத்துனன் வண்டியில் நடந்தது இதுதான். அந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தால் யாரும் பேட்டரியை மாற்றியிருக்க மாட்டார்கள்.

சார்ஜ் போடுவதென்றால் பேட்டரியின் ஆம்பியர் ஹவரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 5 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் பேட்டரிக் கடையில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். சின்னப் பேட்டரி அதில் சூடாகி உப்பிப்போகும். மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிடும் வேண்டாம்.

தடித்த வயர் வழியே ஒரு நடை

இனி எர்த். சிவப்பு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வையுங்கள், அதன் மேல் மாட்டியிருக்கும் வயர் வளையத்தில் வேண்டாம். இப்போது பட்டனை அமுக்கினால் மீட்டர் 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். கூடினால் அவ்வளவு வோல்ட்டும் எர்த் பாதையிலேயே தொலைகிறது. மைத்துனன் வண்டியில் இந்த இடத்தில் 9 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மோட்டாருக்கு மிச்சம் என்ன கிடைக்கும்?

இதே முறையில் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் மோட்டாரில் தடித்த வயர் ஏறும் போல்ட்டுக்கும் நடுவே அளந்தால் அரை வோல்ட்டுக்குள் வர வேண்டும். கூடினால் ரிலேயைச் சோதியுங்கள். ரிலேயில் இரண்டு தடித்த போல்ட் இருக்கும். இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் பட்டன் அமுக்காதபோது பேட்டரி வோல்ட் காட்டும். அமுக்கியதும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். 'டிக்' கேட்கிறது, ஆனால் எண் விழவில்லை என்றால் உள்ளே தொடுப்பு கருகிவிட்டது, ரிலேயை மாற்றுங்கள்.

'டிக்'கே கேட்காத வண்டியில் ரிலேயின் இரண்டு மெல்லிய வயர்களுக்கு நடுவே அளங்கள். பட்டன் அமுக்கும்போது 12 வோல்ட் அங்கே வந்தும் ரிலே பிடிக்கவில்லை என்றால் ரிலே போச்சு. வோல்ட் வரவில்லை என்றால் பட்டன், கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல், ஸ்டாண்டு ஸ்விட்ச், கில் ஸ்விட்ச் என்று பின்னோக்கி நடங்கள். ஐந்து வருஷம் வெயிலும் மழையும் பட்ட செல்ஃப் பட்டனைத் திறந்து காண்டாக்ட் கிளீனர் அடித்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். திறக்கும்போது சின்ன ஸ்பிரிங் ஒன்று துள்ளிக்கொண்டு ஓடும். கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ டிரைவரால் ரிலேயின் இரண்டு தடித்த போல்ட்டையும் இணைத்துப் பார்க்கிற பழைய பட்டறை வழி ஒன்று உண்டு. மோட்டார் சுற்றினால் மோட்டார் நல்லது, ரிலே பக்கம் குற்றம். வழி சரிதான், ஆனால் பொறி பறக்கும், டிரைவர் முனை உருகும். கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும், ஏனென்றால் இந்த வழியில் கிளட்ச் ஸ்விட்சும் ஸ்டாண்டு ஸ்விட்சும் தடுக்காது. புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே சொன்ன மீட்டர் வழியில் அதே பதில் கிடைக்கிறது.

மோட்டார் போல்ட்வரை வோல்ட் வருகிறது, எர்த்தும் நல்லது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஒரு சின்னப் பரீட்சை: பட்டனை அமுக்கிக்கொண்டே மோட்டார் உடம்பில் ஸ்பானரின் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். திடீரென்று சுற்றினால் பிரஷ்தான். பிரஷ் செட் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு மோட்டார் விலையைக் கேளுங்கள்.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கை. பட்டனை ஐந்து நொடிக்கு மேல் அமுக்கிப் பிடிக்காதீர்கள். பத்துப் பதினைந்து நொடி விட்டு மறுபடி அமுக்குங்கள். விடாமல் அரைத்தால் நல்ல மோட்டாரும் கருகும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இப்போது ஸ்பார்க் தேடப் போகிறோம். ப்ளக் கேப்பை இழுத்து, ப்ளக்கைக் கழற்றி முதலில் அதன் முகத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் ஆரோக்கியம். கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல், அல்லது ஸ்பார்க் பலவீனம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை, ஆகவே சந்தேகம் ஸ்பார்க் மேல். எலும்புபோல் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, இக்னிஷனை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

ஸ்பார்க் பார்ப்பதற்கு, கழற்றிய ப்ளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜின் ஹெட்டில் அழுந்திப் படும்படி வைக்க வேண்டும். ப்ளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். கேப்பையும் கையால் பிடிக்காதீர்கள், அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். ப்ளக்கை எங்கும் படாமல் அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுற்றுவதும் கூடாது. வெளியேற வழியில்லாத வோல்ட், ப்ளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயிலையோ, ஸ்பார்க்கை நேரம் பார்த்துத் தூண்டும் சிடிஐ என்கிற எலக்ட்ரானிக் பெட்டியையோ தாக்கும். நிழலான இடத்தில் வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். 'சட் சட்' என்ற சத்தத்தோடு நீல நிறத்தில் தெறித்தால் நல்லது. மஞ்சளாக, நூல்போல் வந்தால் பலவீனம்.

ஸ்பார்க் இல்லையென்றால் மலிவான பொருளிலிருந்து தொடங்குங்கள். நல்லது என்று தெரிந்த வேறு ப்ளக்கை மாட்டிப் பாருங்கள். இரண்டு ப்ளக் உள்ள டிடிஎஸ்-ஐ போன்ற வண்டிகளில் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்று செத்தாலும் வண்டி ஓடும், இழுவை மட்டும் குறையும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பிறகு கேப். பல வண்டிகளில் இது ப்ளக் வயரில் திருகி ஏற்றியது. இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். வயரின் நுனியைப் பாருங்கள். செம்பு இழைகள் பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சை பிடித்தோ கருகியோ இருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, புது நுனியில் கேப்பை மறுபடி திருகுங்கள். இந்த அரை சென்டிமீட்டர் வெட்டு எத்தனை சிடிஐகளை மரணத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குக் கணக்கில்லை. கேப்பின் இரண்டு முனைக்கும் நடுவே ஓம் பார்த்தால் பெரும்பாலும் 5,000 ஓம் பக்கத்தில் காட்டும். முடிவில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது.

அடுத்து இக்னிஷன் காயில். மெல்லிய வயர் ஏறும் பக்கம் ஓரிரு ஓம், அல்லது அதற்கும் குறைவு. ப்ளக் வயர் பக்கம் ஆயிரக்கணக்கில் காட்டும். எந்தப் பக்கமும் அறுந்ததாகக் காட்டினால் காயிலை மாற்றலாம். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். அதன் பிறகு பிக்கப் காயில், ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்வது. பட்டறையில் பல்சர் காயில் என்றும் சொல்வார்கள், அந்தப் பெயருள்ள வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேக்னட் (இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் பாகம்) கவரிலிருந்து வரும் மெல்லிய இரண்டு வயரில் அளந்தால் பெரும்பாலும் நூறு முதல் சில நூறு ஓம்வரை இருக்கும். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் நின்று, ஆறினதும் மறுபடி பிடிக்கிற வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இதையும் இக்னிஷன் காயிலையும்தான். உள்ளே அறுந்த மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குளிர்ந்த வண்டியில் அளந்து நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். நின்ற இடத்திலேயே, சூடாக இருக்கும்போதே அளங்கள்.

கில் ஸ்விட்சும் சாவி ஸ்விட்சும் இங்கேயும் வரும். காயிலுக்கோ சிடிஐக்கோ சாவி போட்டதும் 12 வோல்ட் வர வேண்டிய வண்டியில் அது வருகிறதா என்று டெஸ்ட் லாம்பால் பாருங்கள். இதையெல்லாம் பார்த்தும் குற்றம் கிடைக்காதபோதுதான் சிடிஐ. அதை மீட்டரால் நேராகச் சோதிக்க வழியில்லை, இன்னொரு வண்டியின் நல்ல சிடிஐயை மாட்டித்தான் பார்க்க வேண்டும். பட்டறைகளில் முதலில் குற்றம் சாட்டப்படுவதும் சிடிஐதான், ஏனென்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வண்டி ஓடும்போது சிடிஐயிலிருந்து காயிலுக்குப் போகும் வயரைத் தொடாதீர்கள், நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும், கையை உதறவைக்கும்.

பழைய புல்லட், யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு சிடிஐயே கிடையாது, திறந்து மூடி ஸ்பார்க் தரவைக்கும் பாயிண்ட்தான். இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட்டில் பொறி பலமாகத் தெறித்து ப்ளக்கில் நோஞ்சானாக வந்தால், பாயிண்ட்டோடு இணைந்திருக்கும் கன்டென்சரை மாற்றுங்கள்.

எஃப்ஐ வண்டி வேறு ஜாதி

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்கிற புகை விதி வந்ததோடு நம் ஊர்ப் பைக்குகளில் பெரும்பாலானவை எஃப்ஐ ஆகிவிட்டன. சாவி போட்டதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் கேட்கிறதா? அது பெட்ரோல் பம்ப். கேட்கவில்லை என்றால் பம்பின் ஃப்யூஸ், ரிலே, கில் ஸ்விட்ச், பேட்டரி என்று போங்கள். இன்ஜின் விளக்கு எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிமிட்டினாலோ அது கோளாறின் குறியீடு. எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

கார்பரேட்டர் வண்டிகளில் ஏசி சிடிஐ (மேக்னட்டிலிருந்தே கரண்ட் எடுப்பது) உள்ளவை பேட்டரி செத்தாலும் கிக்கர் உதைத்தால் ஓடும். பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் டிசி சிடிஐக்கும் எஃப்ஐக்கும் பேட்டரியில் உயிர் வேண்டும். பம்ப் ஓட வேண்டும், ஈசியு விழிக்க வேண்டும். முழுக்கச் செத்த பேட்டரியோடு எஃப்ஐ வண்டியைத் தெரு முழுக்கத் தள்ளினாலும் மூச்சு வாங்குவதுதான் மிச்சம். பாதி உயிருள்ள பேட்டரி இன்னொரு விளையாட்டுக் காட்டும்: செல்ஃப் மெல்லச் சுற்றும், பிடிக்காது, பட்டனிலிருந்து கையை எடுக்கும் நொடியில் பிடித்துக்கொள்ளும். மோட்டார் இழுக்கும்போது இக்னிஷனுக்கு வோல்ட் போதவில்லை, விட்டதும் ஏறிவிடுகிறது. ப்ளக்கை மாற்றாதீர்கள், பேட்டரியைப் பாருங்கள்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா?

வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரி முனையில் அளங்கள். 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். ஆக்சிலரேட்டர் கொடுத்தும் 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபையர் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. மேக்னட்டிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டியில் கனெக்டரைப் பிரித்து, இரண்டிரண்டாக ஓம் பாருங்கள். மூன்று ஜோடியும் ஒரே அளவு, மிகக் குறைவாக, காட்ட வேண்டும். எந்த வயரும் பாடியோடு 'பீப்' அடிக்கக் கூடாது. அந்தக் கனெக்டர் உருகிப் பழுப்பாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், பல சமயம் காயில் நல்லதாகவும் கனெக்டர் எரிந்ததாகவும் இருக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சார்ஜ் பார்க்கும் பழக்கம் எஃப்ஐ வண்டியில் ஈசியுவைக் கொன்றுவிடும்.

2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது. கூடவே நீங்கள் மாட்டிய ஃபாக் லைட்டும் இரட்டை ஹாரனும் சேர்ந்தால், நகரத்தில் நின்று நின்று ஓடும் வண்டிக்குச் சார்ஜ் ஏற நேரமே இருக்காது. இரவு நிறுத்திய வண்டி காலையில் செத்திருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை மில்லிஆம்பியரில் வையுங்கள். சாவி ஆஃபில் ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் சகஜம். பல பத்து என்றால் ஏதோ திருடுகிறது. பெரும்பாலும் பின்னால் மாட்டிய ஜிபிஎஸ் அல்லது அலாரம். இந்த நிலையில் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

வந்து வந்து போகும் கோளாறு

இதுதான் பொறுமையைச் சோதிப்பது. ஹேண்டிலை வலதுபுறம் திருப்பினால் நிற்கிறது, இடதுபுறம் திருப்பினால் ஓடுகிறது என்றால் ஹேண்டில் கழுத்துக்குக் கீழே மடங்கி மடங்கி வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. தோல் நன்றாகத்தான் தெரியும். விரலால் தடவினால் ஒரு இடத்தில் மட்டும் நூல்போல் துவளும். மழை பெய்தால் மட்டும் நிற்கும் வண்டியில் ப்ளக் கேப்பின் ரப்பரைப் பாருங்கள். சில நாள் நிறுத்திவைத்த வண்டியில் சீட்டைத் தூக்கினால் எலி கடித்த வயர் பல்லிளிக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் இதுவரை சொன்ன எதையும் உடனே செய்யாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வடிந்த மறுநாளே பட்டனை அமுக்கிப் பார்த்தவர்கள் பலர். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ப்ளக்கை எடுங்கள், ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் பார்க்காமல் சுற்றாதீர்கள். கனெக்டர்களைப் பிரித்துக் காயவிடுங்கள்.

ப்ளக்கைத் திரும்ப மாட்டும்போது முதலில் விரலால் திருகி ஏற்றுங்கள். புது ப்ளக் என்றால் விரலால் இறுகிய பின் ஸ்பானரில் அரைச் சுற்று, பழையது என்றால் அரைக்கால் சுற்று. அலுமினிய மரை போனால் பிறகு செலவே வேறு.

கண்டுபிடிக்க முடியாமல் பட்டறைக்குப் போவதாக இருந்தாலும் "செல்ஃப் அடிக்கல, பாருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். நின்றபோது எத்தனை வோல்ட், அமுக்கும்போது எத்தனை, என்ன சத்தம், சூட்டிலா குளிரிலா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்ததும் ஸ்பானர் எடுக்கிற இடமே மாறும்.

போன மாதம் மைத்துனன் மறுபடி போன் செய்தான். "அத்தான், நிக்கும்போது 12.4 இருக்கு. ராத்திரி பூரா சார்ஜ் போட்டும் அமுக்குனா 8.9-க்கு இறங்குது. எர்த்துல 0.1 தான் காட்டுது." இந்த முறை பேட்டரிதான், போய் வாங்கிக்கோ என்றேன்.